தெரிந்தும் செய்யாத மரியாதை: திருகோணமலைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். வணக்கம் சொல்வது, முறை வரும்வரை காத்திருப்பது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குவதுதான் அங்கே பாதி வேலை. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும், முன்பு படித்துவிட்டு இப்போது வேலைக்குப் போகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: இதையெல்லாம் படித்துத்தானே நாங்களும் வளர்ந்தோம், பிறகு ஏன் இப்படி நடக்கிறோம்? அந்தக் கேள்வி பல விதமாக வரும். வந்த விதங்களையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

வளர்ந்தவர்கள் சின்ன வயதில் படித்த பண்புகளை உண்மையிலேயே மறந்துவிடுகிறார்களா?

இல்லை. மறதி என்றால் எல்லா இடத்திலும் மறக்க வேண்டும். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய் நிற்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் அதே மனிதர், கந்தோரில் மேலதிகாரி வந்தால் கதிரையை விட்டு எழும்புகிறார். வீட்டில் யார் கதைத்தாலும் குறுக்கே விழுகிறவர், கோயில் கூட்டத்தில் தலைவர் பேசி முடியும்வரை வாய் திறப்பதில்லை. மன்னிப்புக் கேட்கவும் தெரியும், நன்றி சொல்லவும் தெரியும். யாருக்குச் சொல்வது என்பதில்தான் அவர் ஆள் பார்க்கிறார்.

எங்களுக்கு மரியாதை கீழேயிருந்து மேலே மட்டும் போகிற ஒன்றாகவே பழக்கப்பட்டது. பெரியாக்கள் முன்னால் கால்மேல் கால் போடாதே. எதிர்த்துக் கதைக்காதே. கூப்பிட்டால் ஓடிவா. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நாள் நாற்பது வயதாகிறது. இப்போது அவரே பெரியாள். பயந்து நடக்க வேண்டியவர்கள் குறைந்துபோனார்கள். தனக்குக் கீழே இருப்பவரிடம் எப்படி நடப்பது என்று அவருக்கு யாருமே சொல்லித்தரவில்லை. ஆகவே அவர் எதையும் மறக்கவில்லை, படித்தது அவ்வளவுதான்.

அப்படியென்றால் எங்கள் அப்பா அம்மா பழக்கிய முறை பிழையா?

முழுதாகப் பிழை என்று சொல்லமாட்டேன். அந்தக் கண்டிப்பால்தான் பல நல்ல பழக்கங்கள் உடம்போடு ஊறியிருக்கின்றன. வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போக இன்றைக்கும் கால் வராது. ஆனால் காரணம் சொல்லாமல் பழக்கினார்கள். "ஏன்?" என்று கேட்டால் அடி விழும், அல்லது "சொன்னால் செய்" என்று வரும்.

காரணம் தெரியாத பழக்கம், பார்ப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் நிற்காது. செருப்பைக் கழற்றச் சொல்லும்போது, "அம்மா காலையில் குனிந்து கூட்டிய நிலம் இது" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு விடுதி அறையில் தங்கினாலும், அதைக் கூட்டுகிற பெண்ணை நினைத்துக்கொள்ளும். ஆத்திசூடியில் முதல் வரியே 'அறஞ்செய விரும்பு'. விரும்பு என்றுதான் இருக்கிறது. நாங்கள் மனப்பாடம் செய்யவைத்தோம், ஒப்புவிக்கப் பிழைத்தால் காதைத் திருகினோம், விரும்ப வைக்க மெனக்கெடவில்லை.

முதலில் கைவிட்டுப் போவது எந்தப் பழக்கம்?

மன்னிப்புக் கேட்பது. அதுவும் வயதில் சின்னவர்களிடம். அடுத்தது, ஒருவர் சொல்லி முடிக்கும்வரை கேட்பது. மூன்றாவது, வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது. குடை, ஏணி, புத்தகம், கைமாற்றாக வாங்கிய காசு எல்லாம் அதற்குள் வரும். கொடுத்தவர் வாய் திறந்து கேட்டால் அவரைத்தான் பிசுநாறி என்போம்.

கிளினிக்கில் நம்பர் துண்டு தந்தாலும் ஏன் கதவடியில் முண்டியடிக்கிறோம்?

பயம்தான் காரணம். அதைப் பொய்ப் பயம் என்று ஒதுக்கவும் முடியாது. இருபதாம் நம்பரோடு விடிய ஆறு மணியிலிருந்து இருக்கிறீர்கள். பதினெட்டாம் நம்பர் போகும்போது ஒருவர் வந்து, உள்ளே இருப்பவருக்குக் கையைக் காட்டி, பக்கத்துக் கதவால் போகிறார். அதை ஒருமுறை கண்டவர் அடுத்தமுறை கதிரையில் இருக்கமாட்டார். எழும்பிக் கதவடிக்குப் போய்விடுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழும்புவார்கள். பிறகு நம்பர் துண்டு வெறும் காகிதம்.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு எல்லாவற்றுக்கும் வரிசை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து வீதியோரம் விட்டுவிட்டு ஆட்கள் நிழல் தேடி இருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் இடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிளேன்டீ பகிர்ந்துகொண்டார்கள். அதே வரிசையில் அடிபிடியும் நடந்தது. அடிபிடி பெரும்பாலும் தொடங்கியது ஒரே இடத்தில்: முன்பக்கமாக யாரோ ஒருவர் கேனோடு நுழையும்போது. அந்த ஆண்டு ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. வாகனத்துக்கு ஏற்ப வாரத்துக்கு இவ்வளவு லீற்றர் என்று கட்டுப்பாடு வந்தது. அது ஓடத் தொடங்கியபிறகு சத்தம் அடங்கியது. சனம் அதே சனம்தான். தன் பங்கு தனக்குக் கிடைக்கும் என்று தெரிந்தவுடன் பொறுமை தானாக வந்தது.

அதனால் வரிசையில் நிற்பவரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வரிசையை நடத்துகிறவர் கையில் பாதி இருக்கிறது. தாதி, லிகிதர், வங்கிக் காவலாளி, திருவிழாவில் கயிறு பிடிப்பவர் எல்லாருக்கும் இது பொருந்தும். மிச்சப் பாதி எங்களுடையது. "உள்ளே எனக்கு ஆள் இருக்கு" என்பதைப் பிள்ளையின் முன்னால் கெட்டித்தனமாகச் சொல்லாதீர்கள். நான் கண்ட கெட்ட பாடங்களில் அதுதான் மிகக் கெட்டது. கோணேசர் கோயிலுக்குச் சுவாமிமலை ஏறிப் போய், அங்கேயும் தெரிந்தவரைப் பிடித்து முன்னுக்குப் போனால் பிள்ளை எதைக் கும்பிடும்?

அவசரத்தில் ஓடுகிறவரிடம் பண்பை எதிர்பார்க்கலாமா?

அவசரம் மனிதரை மாற்றுகிறது என்பது உண்மை. 1973இல் அமெரிக்காவில் டார்லி, பாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிரின்ஸ்டனில் குருத்துவம் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்குப் பேச அனுப்பினார்கள். பாதிப் பேர் பேச வேண்டிய விஷயம் நல்ல சமாரியன் உவமை, அதாவது வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவியவரின் கதை. போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார், அவரும் சோதனையின் பகுதிதான். நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 வீதமானோர் நின்று உதவினார்கள். பிந்திவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நின்றவர்கள் 10 வீதம். கதையைப் பேசப்போனவர்கள்கூட அதற்காகக் கூடுதலாக நிற்கவில்லை.

சரி, இதை ஒரு சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுடைய அவசரத்தில் பெரும்பகுதி நாங்களே உண்டாக்கியது. பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விடும் நேரத்தில் வீதியைப் பாருங்கள். மஞ்சள் கோட்டில் பிள்ளைகள் புத்தகப்பையோடு நிற்கிறார்கள். பைக்கில் வருபவர் ஹோர்ன் அடித்து அவர்களைப் பின்வாங்க வைத்துவிட்டுப் போகிறார். இருநூறு மீற்றர் தள்ளித் தன் பிள்ளைக்காக நிறுத்திவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து, "ரோட்டைப் பார்த்துக் கடக்க வேணும்" என்று சொல்கிறார். பத்து நிமிடம் முந்தி வெளிக்கிட்டிருந்தால் அவர் மஞ்சள் கோட்டில் நின்றிருப்பார். நல்ல மனிதராக இருப்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஒதுக்குவதும் பண்புதான்.

எல்லாரும் குப்பை போடும் இடத்தில் நான் ஒருவர் போடாமல் விட்டு என்ன ஆகப்போகிறது?

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் செய்த ஒரு ஆய்வு 2008இல் வெளிவந்தது. சைக்கிள்கள் நிறுத்தும் ஒரு சந்தில், ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் ஒரு துண்டுப்பிரசுரம் மாட்டிவைத்தார்கள். பக்கத்தில் குப்பைத்தொட்டி இல்லை. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 வீதமானோர் தாளை நிலத்தில் போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கி வைத்தபிறகு 69 வீதமானோர் போட்டார்கள். சுவரில் கிறுக்கியதற்கும் தாளைப் போடுவதற்கும் நேரடித் தொடர்பே இல்லை. "இங்கே யாரும் கவனிப்பதில்லை" என்ற செய்தி மட்டும் போதும்.

எங்கள் ஊரில் இந்தச் செய்திக்கு விலை கொடுப்பவை மான்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் சாப்பாட்டு வாசத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச்சீட்டுக்கு 2017இலேயே தடை வந்தது, பழக்கம் மாறவில்லை. டச்பே கடற்கரையில் ஒரு ஞாயிறு பின்னேரம் இருந்து பாருங்கள். பிள்ளைக்குச் சோளம் வாங்கிக்கொடுத்த தகப்பன், மிச்சத்தை எங்கே போடுவது என்று பிள்ளை கேட்டபிறகும், "அதிலே போடு, கூட்டுறவங்கள் கூட்டுவாங்கள்" என்று மணலைக் காட்டுகிறார். அந்தப் பிள்ளை வகுப்பில் குப்பைக்கூடை எங்கே என்று தேடிப்போய்ப் போடுகிற பிள்ளை. நீங்கள் ஒருவர் போடாமல் விட்டால் கடற்கரை சுத்தமாகாது. உங்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு, தான் படித்தது பொய்யில்லை என்று தெரியும்.

வேலை செய்பவர்களை "நீ, வா, போ" என்றால் என்ன? அது உரிமைதானே?

இந்தக் கேள்வி வரும்போது எனக்குக் கொஞ்சம் குரல் உயர்ந்துவிடும்.

உரிமை என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அவர் உங்களைத் திருப்பி "நீ" என்று கூப்பிட முடியுமா? முடியாது என்றால் அதை உரிமை என்று சொல்லாதீர்கள்.

நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கண்டது. மேசை துடைக்கிறவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முன்பு மீன்பிடிக்குப் போனவராம், முழங்கால் ஏலாமல் இந்த வேலைக்கு வந்தவர். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குடும்பத்தோடு வந்து இருந்தார். மேசையில் சாம்பார் சிந்தியிருந்தது. "ஏய், இங்க வா, இதைத் துடை." பெரியவர் வந்து துடைத்தார். பக்கத்தில் இருந்த மகனுக்கு ஐந்து வயது இருக்கும். தண்ணீர் தீர்ந்ததும் அவன் கோப்பையை மேசையில் தட்டி, "ஏய், தண்ணி" என்றான். தாய் அவனைக் கண்டித்தார்: "அப்பிடிச் சொல்லக்கூடாது, தாத்தா என்று சொல்லு." தகப்பன் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அந்தப் பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை. 1961இல் அல்பர்ட் பண்டுரா அமெரிக்காவில் செய்த சோதனை பெயர்பெற்றது. வளர்ந்தவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே விதமாக, அதே சொற்களைச் சொல்லிப் பொம்மையை அடித்தார்கள். வாயால் சொல்லித்தந்தது ஒரு பக்கம் கிடக்க, கண் கண்டதைக் கை செய்கிறது.

எங்கள் ஊரில் முறை சொல்லிக் கூப்பிடுவதற்கு என்ன பஞ்சம்? அண்ணை, அக்கா, தம்பி, தங்கச்சி, ஐயா, அம்மா இருக்கிறது. முஸ்லிம் ஆட்களிடம் நானா, காக்கா, ராத்தா இருக்கிறது. சிங்களவரிடம் அய்யே, அக்கே, மல்லி இருக்கிறது. ஆட்டோக்காரர், சந்தையில் மீன் வெட்டித் தருபவர், மலசலகூடம் கழுவுபவர், வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண் என்று எல்லாருக்கும் ஒரு முறை பொருந்தும். இதற்குக் காசு போகாது. குப்பை வண்டியோடு வருபவரின் பெயர் தெரியுமா என்று வகுப்பில் கேட்பேன். பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, பெற்றோருக்குத்தான் அனேகமாகத் தெரிவதில்லை.

மூன்று சமூகம் வாழும் ஊரில் எந்தப் பழக்கத்தை மரியாதை என்று பிடிப்பது?

பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதும், வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதும், மூத்தவரை முறை சொல்லிக் கூப்பிடுவதும் மூன்று வீட்டிலும் ஒன்றுதான். வேறுபடுகிற சிலவற்றைக் கேட்டு அறியலாம். நோன்பு காலத்தில் நோன்பு பிடித்திருப்பவர் முன்னால் சாப்பிட வேண்டி வந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிடலாம். விகாரைக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றலாம். பஸ்ஸில் மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் இருக்கை எந்த மதத்துக் குரு ஏறினாலும் அவருக்குத்தான்.

நாங்கள் எல்லாருமே செய்யும் ஒரு பிழை உண்டு. முன்னால் நிற்பவரைப் பற்றி, அவருக்கு விளங்காது என்று நினைத்து எங்கள் மொழியில் கதைப்பது. துணிக்கடையில் விலை பேசும்போது பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, "இவன் ஏமாத்துறான்" என்பது. இந்த ஊர்க் கடைக்காரர்களில் பலருக்குத் தமிழ் நன்றாக விளங்கும். விளங்காவிட்டாலும் முகம் விளங்கும்.

ஒலிபெருக்கியையும் இதில்தான் சேர்ப்பேன். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் எந்தத் திருவிழாவாக இருந்தாலும், எந்த விளையாட்டுப் போட்டியாக இருந்தாலும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிறவர் மதத்துக்கு எதிரி இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது.

போரும் இடம்பெயர்வும்தான் எங்களை இப்படி ஆக்கிவிட்டதா?

ஓரளவுக்கு. நிவாரண வரிசைகளில் வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. முந்தினால்தான் கிடைக்கும் என்பதை அவர்கள் வயிற்றால் படித்தார்கள். அந்தப் பதற்றம் போர் முடிந்த 2009க்குப் பிறகு உடனே போய்விடாது. அப்படி ஒருவர் வரிசையில் இடித்துக்கொண்டு வந்தால் அவரோடு சண்டைக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் இதையே முழுக் காரணமாகச் சொல்வது அந்தச் சனத்துக்கே அநியாயம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாகக் கடல் வந்தபோது, கரையோரத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் ஒதுங்கிய இடங்களில் யார் எந்தச் சமூகம் என்று பார்க்காமல் சோறு பகிர்ந்தார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் கொடுத்தார்கள். எல்லாம் இருக்கிற எங்களுக்கு இன்றைக்கு ஒரு பஸ் சீட்டை விட்டுக்கொடுக்க முடியவில்லை என்றால் அதற்குப் போரைக் காட்டக்கூடாது.

கைத்தொலைபேசி வந்தபிறகு கெட்டுப்போனோம் என்கிறார்களே?

பாதி உண்மை. முகம் தெரியாதபோது வாய் நீள்கிறது. ஊரில் நேரே கண்டால் "என்ன மாதிரி, சுகமா?" என்று கேட்கும் இருவர், முகநூலில் எழுதிக்கொள்வதை வாசிக்க முடிவதில்லை.

என்னை வருத்துவது மரண வீட்டில் நடப்பது. எங்கள் முறைப்படி மரண வீட்டிலிருந்து புறப்படும்போது "போயிட்டு வாறன்" என்றுகூடச் சொல்லமாட்டோம். சத்தமில்லாமல் எழும்பி வருவோம். அவ்வளவு நுணுக்கமாக வாயைக் கட்டிய சனம், இன்று பிரேதத்தின் பக்கத்தில் நின்று வீடியோ கோல் எடுத்து, அழுகிற தாயின் முகத்துக்கு நேரே போனைப் பிடிக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் காட்டுவது தேவைதான். அதற்கு வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் போனைச் சட்டைப்பைக்குள் வைக்கலாம்.

பெரியவர் பிழை செய்தால் பிள்ளை சுட்டிக்காட்டலாமா? அது வாய்க்கொழுப்பு ஆகாதா?

சுட்டிக்காட்டலாம். எப்படிச் சொல்வது என்பதைப் பழக்கிவிடுங்கள், சொல்லாதே என்று பழக்காதீர்கள்.

கன்னியா வெந்நீரூற்றில் ஏழு சின்னக் கிணறுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவார்கள். கூட்டமான நாளில் ஒரு கிணற்றடியில் ஒருவர் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே நின்றார், விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. பின்னால் ஒரு சிறுமி சின்ன வாளியோடு நெடுநேரம் நின்றாள். கடைசியில், "மாமா, எனக்கும் கொஞ்சம் விடுறீங்களா?" என்றாள். தாய் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்: "சும்மா இரு, பெரியாக்களோடு கதைக்காதே." அந்த மனிதர் திரும்பினார். முகம் ஒரு மாதிரி ஆனது. தன் வாளியாலேயே அள்ளி அவளுடைய வாளியை நிரப்பிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

அங்கே பிழை செய்தது தாய் என்றே நினைக்கிறேன். பிள்ளை கேட்டது சரி, கேட்ட விதமும் சரி. அவர் திருந்தினார். இருந்தும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனது "வாய் திறக்காதே" என்ற பாடம். இப்படி வாய் மூடவைத்த பிள்ளைதான் நாளை பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குத் தொல்லை நடக்கும்போதும் தலை குனிந்து நிற்கும்.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் என் மதிப்புக் குறையாதா?

குறையாது. பிள்ளைக்கு உங்கள் பிழை ஏற்கெனவே தெரியும். அது உங்களுக்குத் தெரியுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. "நான் கத்தியது பிழை" என்று சொல்லுங்கள், போதும். "ஆனால் நீயும்..." என்று தொடங்காதீர்கள்.

இந்த வயதில் மாற முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். பெரிய தீர்மானங்கள் வேண்டாம். உங்களுக்கு எந்த விதத்திலும் பிரயோசனப்படாத ஒரு ஆளைத் தெரிவு செய்யுங்கள். கந்தோரில் தேநீர் கொண்டுவருபவராக இருக்கலாம், பாடசாலை வாசலில் நிற்கும் காவலாளியாக இருக்கலாம். அவருடைய பெயரைக் கேளுங்கள். காலையில் நீங்கள் முந்தி வணக்கம் சொல்லுங்கள். அவர் கதைத்தால் முடியும்வரை கேளுங்கள். மேலே இருப்பவரிடம் இதைப் பழகினால் அது பழைய பயம்தான், புதிதாக ஒன்றும் வராது.

வீட்டில் இரண்டாவது வேலை: சாப்பிட்ட கோப்பையை நீங்களே கழுவுங்கள். ஆண்களுக்கு இதைச் சிறப்பாகச் சொல்கிறேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்று மகனுக்கு மட்டும் சட்டம் வைக்க முடியாது.

எங்கள் சங்கத்தில் பண்பாடு பற்றி ஒரு நிகழ்ச்சி வைக்க நினைக்கிறோம். வந்து பேசுவீர்களா?

வருவேன், சில விஷயங்களுக்குச் சம்மதித்தால். அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குத் தொடங்க வேண்டும். பிரதம விருந்தினர் பிந்தினால் அவர் இல்லாமலே தொடங்கலாம். மாலையும் பாண்ட் வாத்தியமுமாகப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவைப்பதாக இருந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம். கதிரை அடுக்கியவர்களுக்கும் மேடை கட்டியவர்களுக்கும் உள்ளே இருக்க இடம் வேண்டும். சிற்றுண்டி கொடுக்கும்போது பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள், மேடையில் இருக்கும் நாங்கள் கடைசியில் சாப்பிடுவோம்.